முகாமில் பிறந்த பெண் குழந்தைக்குக் குழந்தைகள் நலக் குழு பாதுகாப்பு தருமா?

கேள்வி கேட்டவர் மதுரை மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியின் ஆசிரியை. அவர் வகுப்பில் படிக்கும் 14 வயதுப் பெண், பக்கத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் அம்மம்மாவோடு இருக்கிறாள். அம்மா இறந்துவிட்டார். அப்பா சில வருடங்களுக்கு முன் இலங்கைக்குத் திரும்பிப் போனவர். அங்கே அவருக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது. இப்போது அம்மம்மாவுக்கும் உடம்பு முடியவில்லை. உறவுக்காரர்கள் கூடிப் பேசி, கிழவி கண்ணை மூடுவதற்குள் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று மாப்பிள்ளை பார்க்கிறார்கள். ஆசிரியை விசாரித்த இடத்தில், "அவங்க அகதி, நம்ம சட்டமெல்லாம் அவங்களுக்கு வராது. நீங்க ஏதாவது செய்யப் போனா பிள்ளையை ஹோம்ல போட்டுடுவாங்க, முகாம் பதிவும் போயிடும், அப்புறம் ஸ்ரீலங்காவுக்கே அனுப்பிடுவாங்க" என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். இதில் எது உண்மை, தான் என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

டீச்சர், நான் மதுரையில் வழக்கறிஞர். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவிலும், குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்திலும் பிள்ளைகளுக்காக ஆஜராகிறேன். உங்களிடம் சொன்னவற்றில் முதலாவது முழுத் தவறு. மற்ற மூன்றும் பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு முகாம் வாழ்க்கையில் காரணம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட்டுப் பேச முடியாது. அந்த முகாம் ஆனையூரா, திருவாதவூரா, உச்சப்பட்டியா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததே நல்லது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

சட்டத்தின் பெயர் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015. 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் குழந்தை என்றால் 18 வயது நிறையாதவர், அவ்வளவுதான். இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று எந்தப் பிரிவிலும் இல்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை யார் என்று சொல்லும் 2(14) பிரிவில், ஆயுத மோதலாலோ உள்நாட்டுக் கலவரத்தாலோ பாதிக்கப்பட்ட குழந்தை என்று தனியாகவே ஓர் உட்பிரிவு இருக்கிறது. அது எந்த நாட்டுக் குழந்தை என்ற நிபந்தனை அங்கேயும் இல்லை.

அரசியல் சாசனமும் அப்படித்தான். சில உரிமைகளைக் குடிமக்களுக்கு என்றும், சிலவற்றை 'எந்த நபருக்கும்' என்றும் அது பிரித்துத் தருகிறது. சமத்துவம் தரும் 14-ஆவது பிரிவும், உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆவது பிரிவும் எந்த நபருக்கும் உரியவை. அருணாசலப் பிரதேசத்தில் இருந்த சக்மா அகதிகள் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கல்வி உரிமை தரும் 21ஏ பிரிவு 6 முதல் 14 வயது வரையுள்ள 'எல்லாக் குழந்தைகளுக்கும்' என்கிறது.

இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. 'அவங்களுக்குச் சட்டமே இல்லை' என்ற பேச்சு இதிலிருந்துதான் வருகிறது. அது பாதி உண்மை. அகதி என்ற தகுதிக்குத்தான் இங்கே சட்டம் கிடையாது. குழந்தை என்ற தகுதிக்கு வலுவான சட்டம் இருக்கிறது. போதாததற்கு ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992 டிசம்பர் 11 அன்று ஏற்றுக்கொண்டது. அதன் 22-ஆவது பிரிவு அகதிக் குழந்தைகளைப் பற்றியது: பெற்றோரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், குடும்பத்தை இழந்த மற்றக் குழந்தைகளுக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்பு அந்தக் குழந்தைக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது. அதனால் உங்கள் மாணவியை எங்கும் 'அகதிப் பெண்' என்று முன்னிறுத்த வேண்டாம். '14 வயதுக் குழந்தை' என்றே தொடங்குங்கள். குழுவில் பேசும்போதும் மனு எழுதும்போதும் நான் இந்த வரிசையைத்தான் பிடித்துக்கொள்கிறேன்.

அதற்காக, ஆயுத மோதல் என்ற உட்பிரிவையே நம்பிப் போய்விடாதீர்கள். இந்தப் பெண் இங்கே பிறந்தவள், போரைக் கண்ணால் பார்த்ததில்லை. 'இவளை எந்தப் போர் பாதித்தது?' என்று யாராவது ஒரு கேள்வி கேட்டால் மனு தடுமாறும். இவளுக்குப் பொருந்துவது அதே 2(14)-இல் உள்ள வேறு இரண்டு. சட்டப்படியான வயதுக்கு முன் கல்யாணம் செய்துவைக்கப்படும் உடனடி ஆபத்தில் இருக்கும் குழந்தை என்பது ஒன்று. பெற்றோர் இல்லாமல், அல்லது பெற்றோரால் கைவிடப்பட்டு, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத குழந்தை என்பது இன்னொன்று. இரண்டில் முதலாவதை முன்னால் வையுங்கள். அதற்கு அம்மம்மாவைக் குறை சொல்லத் தேவையே இல்லை.

சரி, யார் கொண்டுபோவது? போலீஸ்தான் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 31-ஆவது பிரிவின்படி அக்கறையுள்ள எந்தக் குடிமகனும் குழந்தையைக் குழு முன் ஆஜர்படுத்தலாம். குழந்தை தானாகவே போய் நிற்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தால் அவர்களே வருவார்கள். அது இப்போது தொண்டு நிறுவனம் வழியாக இல்லாமல் அரசே நேரடியாக நடத்தும் சேவை. குழந்தையை அழைத்துக்கொண்டால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழு முன் நிறுத்த வேண்டும். குழு அன்று கூடவில்லை என்றால் உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தலாம். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உரிய அதிகாரம் உண்டு. அதன் ஆணை ஓர் அலுவலகக் கடிதம் மாதிரி இல்லை, நீதிமன்ற ஆணை மாதிரி.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முகாம் பிள்ளையோடு போகும்போது, குழுவின் அறைக்குள் நுழைவதற்கு முன்னாலேயே ஏதாவது ஒரு மேஜையில் "இவங்க ஸ்ரீலங்கன், இது எங்களுக்கு வராதே, ரெவின்யூவுக்குப் போங்க" என்பார்கள். எனக்கே ஒரு அலுவலகத்தில் இது நடந்திருக்கிறது. அந்த இடத்தில் வாக்குவாதம் செய்து பயனில்லை. 'வராது என்றால் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்' என்று அமைதியாகக் கேளுங்கள். எழுத்தில் தருவதற்கு யாரும் முன்வர மாட்டார்கள், ஏனென்றால் எழுதினால் அது சட்டத்துக்கு விரோதம் என்று அவர்களுக்கே தெரியும். உங்கள் மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இனி ஹோம் பயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முகாம் மக்கள் குழந்தைகள் நலக் குழுவை நெருங்காமல் இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம். பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நினைக்கிறார்கள். சட்டத்தின் 3-ஆவது பிரிவு அடிப்படைக் கொள்கைகளை வரிசைப்படுத்துகிறது. குழந்தையின் நலனே முதன்மை, குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும், பாகுபாடு கூடாது, இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோதுதான் என்பவை அதில் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதை மனுவிலேயே எழுதுங்கள்: 'குழந்தையை இல்லத்தில் சேர்க்கக் கோரவில்லை, அவள் இருக்கும் குடும்பச் சூழலிலேயே பாதுகாப்பு கோருகிறோம்.' இந்த ஒரு வரி இல்லாததால் வரவேற்பு இல்லத்துக்குப் போய் வாரக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அம்மம்மாவுக்குச் சட்டத்தில் என்ன இடம்? காப்பாளர் என்றால் இயற்கைக் காப்பாளர் மட்டும் இல்லை. குழந்தையை உண்மையில் பொறுப்பில் வைத்திருக்கிறார் என்று குழு கருதும் நபரும் காப்பாளர்தான். ஆக இத்தனை வருடம் வளர்த்த அம்மம்மாவைக் குழு காப்பாளராக ஏற்கலாம். அவரால் முடியாத நிலை வந்தால், முகாமிலேயே இருக்கும் ஒரு சித்தியையோ பெரியம்மாவையோ 'தகுதியான நபர்' என்று 52-ஆவது பிரிவின் கீழ் குழு அறிவித்து, குழந்தையை அவர் பொறுப்பில் ஒப்படைக்கலாம். கல்யாணத்துக்குத் தரகு பேசுகிற உறவுக்காரர் அந்த இடத்துக்கு வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. யார் நல்லவர் என்று அந்தப் பெண்ணையே கேளுங்கள். குழுவும் அவளைத் தனியே உட்காரவைத்துக் கேட்கும்.

குழு உடனே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைச் சமூக விசாரணை அறிக்கை தரச் சொல்லும். 15 நாளுக்குள் அது வர வேண்டும். இறுதி ஆணை நான்கு மாதத்துக்குள். அறிக்கை எழுத வருகிறவர் முகாம் வீட்டுக்குள் வந்து பார்ப்பார். பத்துக்குப் பத்து அறை, குறுக்கே கட்டிய சேலைக்கு இந்தப் பக்கம் சமையல், அந்தப் பக்கம் படுக்கை, மூலையில் புத்தகப் பை. இதைப் பார்த்துவிட்டு 'போதிய இடவசதி இல்லை, இல்லத்தில் சேர்க்கலாம்' என்று ஒரு வரியில் முடித்துவிடக்கூடும். வறுமை வேறு, புறக்கணிப்பு வேறு. அந்த அறையின் அளவை முடிவு செய்தது அம்மம்மா இல்லை. நீங்கள் அப்போது அங்கே இருந்தால் நல்லது. பள்ளி வருகைப் பதிவு, மதிப்பெண், தடுப்பூசி அட்டை என்று அவள் கவனிப்பாக வளர்க்கப்பட்டிருக்கிறாள் என்பதற்கான தாள்களை எடுத்து அவர் கையில் கொடுங்கள்.

பணக் கஷ்டத்துக்கு நிதி ஆதரவுத் திட்டம் இருக்கிறது. 45-ஆவது பிரிவின் கீழ் வருவது. மத்திய அரசின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யா வழியாக ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கு மிகக் கூடாது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு இதற்கு ஒப்புதல் தரும். 45-ஆவது பிரிவில் குடியுரிமை நிபந்தனை கிடையாது. முகாமில் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறு பிள்ளைகளுக்கு 500 என்று 2021-இல் உயர்த்தப்பட்ட பணக்கொடை கிடைக்கிறதே, பிறகெதற்கு இது என்று யாராவது கேட்கலாம். அது அகதிக் குடும்பத்தின் பிழைப்புக்கான உதவி. இது பெற்றோரை இழந்த குழந்தை குடும்பத்திலேயே வளர்வதற்கான உதவி. நோக்கம் வேறு என்று மனுவில் எழுதிவிடுங்கள். கல்யாணப் பேச்சுக்குப் பின்னால் பாதி இருப்பது 'இவளை யார் பார்ப்பது' என்ற காசுக் கவலைதான். அதற்கு ஒரு பதிலோடு போனால் சித்தியும் தைரியமாக முன்வருவார்.

பதிவு போய்விடும் என்ற பயத்துக்கு வருகிறேன். வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. முகாமில் ஆள் கணக்கு எடுக்கும் நாளில் நேரில் நிற்க வேண்டும். பெயிண்டிங் வேலைக்கு வெளியூர் போன ஆண்கள் அந்த ஒரு நாளுக்காகச் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறி வருவார்கள். தொடர்ந்து ஆள் இல்லையென்றால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்ற பயம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. பதிவில் பெயர் இருப்பதுதான் அவர்களுக்கு வீடு, பணக்கொடை, அரிசி, பிள்ளைகளின் கல்வி உதவி எல்லாமே. ஆகவே குழந்தை சில நாள் வரவேற்பு இல்லத்தில் இருக்க நேர்ந்தாலும்கூட, குழுவிடம் ஒன்றைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்: ஆணையின் நகலை முகாமைக் கவனிக்கும் தனித் தாசில்தாருக்கும் வருவாய் ஆய்வாளருக்கும் அனுப்ப வேண்டும், குழந்தை குழுவின் ஆணைப்படியே வெளியில் இருக்கிறாள், அவள் பெயர் பதிவில் தொடர வேண்டும் என்று அதில் எழுத வேண்டும். குழுவுக்கு இப்படி எழுதத் தயக்கம் இருக்காது. யாரும் கேட்பதில்லை என்பதால்தான் எழுதப்படுவதில்லை. முகாம்களைக் கண்காணிக்கும் உளவுப் பிரிவான க்யூ பிரிவு போலீசுக்குத் தெரிவிக்க வேண்டுமே என்றும் முகாமில் சொல்வார்கள். வருவாய்த் துறைக்கு ஆணை போனால் அவர்களுக்கும் தகவல் போய்விடும். நீங்கள் தனியாக ஸ்டேஷன் ஏறத் தேவையில்லை.

வயதுதான் அடுத்த சிக்கல். உறவுக்காரர்கள் கடைசியில் 'அவளுக்கு 18 ஆகிவிட்டது, முகாம் கார்டைப் பாருங்கள்' என்று சொல்ல வாய்ப்பு உண்டு. முகாம் அட்டைகளில் பிறந்த தேதி இல்லாமல் வயது மட்டும் இருப்பதும், படகில் வருகிறவர்களை முதலில் பதியும் மண்டபம் முகாமில் வந்திறங்கிய நாளில் வாய்மொழியாகச் சொன்னது அப்படியே தொடர்வதும் புதிதில்லை. 94-ஆவது பிரிவு ஒரு வரிசை தருகிறது. முதலில் பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாதபோது உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. முகாம் அட்டை அந்த வரிசையிலேயே இல்லை. உங்கள் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ்தான் இவளுக்கு முதல் கவசம். அதையும், சேர்க்கைப் பதிவேட்டில் அவள் பக்கத்தின் சான்றிட்ட நகலையும் தலைமை ஆசிரியரிடம் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் அதையும் எடுத்துவிடலாம். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி இந்த மண்ணில் பிறந்த எந்தக் குழந்தையின் பிறப்பும் பதிவாக வேண்டும். பெற்றோர் எந்த நாட்டவர் என்பது தடையில்லை. ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் ஆணை வேண்டும், அவ்வளவுதான் கூடுதல் வேலை. ராஜாஜி மருத்துவமனையிலோ தாலுகா மருத்துவமனையிலோ பிறந்திருந்தால் பதிவு ஏற்கெனவே இருக்கவே வாய்ப்பு அதிகம்; பெயர் மட்டும் சேர்க்காமல் விட்டிருப்பார்கள்.

குடியுரிமையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பிறப்புச் சான்றிதழ் குடியுரிமை தராது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் தரச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் ஆணையிட்டது அந்த அடிப்படையில்தான். அதற்குப் பிறகு சட்டம் இறுகிக்கொண்டே வந்தது. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோர் இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும். உங்கள் மாணவி அதில் வரமாட்டாள். 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவே இல்லை. மூன்று தலைமுறையாக இங்கே வாழும் பிள்ளைகளை இப்படி எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிறுத்திவைத்திருப்பது பெரிய அநியாயம், அதை நான் எங்கேயும் சொல்லத் தயங்குவதில்லை. ஆனால் அந்த நியாயம் கிடைக்கும்வரை குழந்தைப் பாதுகாப்பு காத்திருக்க வேண்டியதில்லை. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, வம்சாவளியாக இலங்கைக் குடியுரிமை எடுத்துவைக்கும் வழியும் இருக்கிறது. நாடற்றவளாக விடுவதைவிட அது மேல். ஆனால் இந்த வாரத்து வேலை அது இல்லை.

அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். குழந்தைகள் நலக் குழுவுக்கு யாரையும் நாடு கடத்தும் அதிகாரம் கிடையாது. அதன் அதிகாரம் குழந்தையைக் குடும்பத்தோடு சேர்ப்பது வரைதான். அப்பா வவுனியாவிலோ மன்னாரிலோ இருக்கிறார் என்று தெரிந்தால், 'தகப்பன் உயிரோடு இருக்கிறாரே, அங்கே அனுப்பலாமே' என்று ஒரு உறுப்பினர் நல்லெண்ணத்தோடு கேட்கக்கூடும். அப்போது 3-ஆவது பிரிவையே திரும்பக் காட்டுங்கள். குடும்பத்தோடு சேர்வது குழந்தையின் உரிமை. அது அவள் நலனுக்கு ஒத்துவராவிட்டால் கட்டாயம் இல்லை என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. விட்டுப்போன தகப்பனும், பார்த்தே இராத ஒரு வீடும், முகம் தெரியாத சின்னம்மாவும் அவள் நலனா என்பதை அவள் வாயால் கேட்காமல் முடிவு செய்ய முடியாது. பொதுவாகவும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 2025-இல் வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ் மத்திய அரசு போட்ட விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9 வரை இங்கே அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள். பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்தார்கள் என்பதற்காக அவர்கள்மேல் அந்தச் சட்டம் பாயாது.

அந்தத் தேதிக்குப் பிறகு வந்த குழந்தைகள் நிலைமை இன்னும் கடினம். 2022 மார்ச்சிலிருந்து, இலங்கைப் பொருளாதார நெருக்கடியில், கைக்குழந்தைகளோடு குடும்பங்கள் தனுஷ்கோடிக் கரையில் வந்திறங்கினவே, அவர்களுக்கு இந்த விலக்கு இல்லை. ஆனால் இளைஞர் நீதிச் சட்டம் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும், ஏனென்றால் அது பதிவு அட்டையைப் பார்ப்பதே இல்லை. வெளிப்பதிவில் ஊருக்குள் வாடகை வீட்டில் இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதே பதில்தான்.

கல்யாணத்தை நிறுத்தும் வேலைக்கு வருவோம். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் மதமோ நாடோ வித்தியாசம் இல்லை. மாவட்டச் சமூக நல அலுவலர்தான் தடுப்பு அலுவலர். தேதி குறித்துவிட்டார்கள் என்றால் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடம் தடை உத்தரவு வாங்கலாம். அதை மீறி நடந்த கல்யாணம் செல்லவே செல்லாது. நடத்திவைப்பவருக்கு இரண்டு வருடம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. கல்யாணத்தை ஊக்குவித்த, தடுக்கத் தவறிய பெற்றோர், காப்பாளர்களுக்கும் அதே தண்டனைதான். ஆனால் அதில் பெண்களுக்குச் சிறைத் தண்டனை இல்லை என்று 11-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அம்மம்மா ஜெயிலுக்குப் போவார் என்று அந்தப் பெண் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தால், அவளிடம் இதைச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்ல வேண்டியது வேறு. கல்யாணம் ஆனாலும் 18 வயதுக்குக் கீழ் உள்ள மனைவியோடு உறவு கொள்வது குற்றம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவள் கர்ப்பமாகி ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில், மருத்துவர் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அவர்மேல் வழக்கு வரும். அந்தப் பையன் முகாம் பையனாக இருந்தால், ஒரு போக்சோ வழக்கு அவன் எதிர்காலத்தையும் சேர்த்து முடித்துவிடும். உறவுக்காரர்களிடம் உரிமை, சட்டம் என்று பேசி நான் அதிகம் சாதித்ததில்லை. இதை நேரடியாகச் சொன்னால் பெரும்பாலும் பேச்சு நின்றுவிடுகிறது. பெண்ணுக்குப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் ஒருத்தன் கையில் பிடித்துக்கொடுத்துவிட்டால் நிம்மதி என்ற அவர்கள் கவலையையும் மதித்துக் கேளுங்கள். சுவர் ஒட்டிய வீடுகளும் பொதுக் கழிப்பறையும் உள்ள இடத்தில் வயதுக்கு வந்த பிள்ளையை வைத்திருப்பவர்களின் பயம் அது. அவள் மேற்கொண்டு படிக்க விரும்பினால் அரசு விடுதியில் இடம் கேட்கலாம். குழு ஆணையோடு கேட்டால் எளிது.

முகாமின் பெயரை எழுதாதது நல்லது என்று சொன்னேன் இல்லையா? 74-ஆவது பிரிவின்படி இப்படிப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் ஊடகத்திலோ வேறு வழியிலோ வெளியிடக் கூடாது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் 'இந்தப் பிள்ளைக்கு உதவுங்கள்' என்று படத்தோடு போடுவதும் இதில் சிக்கும். சில நூறு பேர் மட்டும் இருக்கும் முகாமில் வகுப்பையும் வயதையும் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதற்கெல்லாம் வக்கீல் ஃபீஸ் யார் தருவது என்று கவலைப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆவது பிரிவு: குழந்தைக்கு வருமானமே பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்கும் அழைக்கலாம். குழு தவறான ஆணை போட்டால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். நிதி ஆதரவு, வளர்ப்புப் பராமரிப்பு பற்றிய ஆணையாக இருந்தால் மேல்முறையீடு ஆட்சியரிடம். குழு மனுவையே வாங்க மறுத்தால் அந்தப் புகாரும் ஆட்சியருக்குத்தான்; அதற்கும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் மனு போடலாம்.

கல்யாணத் தேதி குறித்தாயிற்றா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். குறித்திருந்தால் இன்றே 1098-க்கு அழையுங்கள், மனுவெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குறிக்கவில்லை என்றால் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு பள்ளிப் பதிவேட்டு நகல், அம்மா இறப்புச் சான்றிதழ், முகாம் அட்டை நகல், அம்மம்மாவின் மருத்துவச் சீட்டு இவற்றைச் சேர்த்து, அம்மம்மாவையும் கூட அழைத்துக்கொண்டு குழுவுக்குப் போங்கள். அவரே மனுவில் கைநாட்டு வைத்தால், பிள்ளையைப் பறிக்க வந்தவர்கள் என்று முகாமில் உங்களை யாரும் சொல்ல முடியாது.